மருத்துவர் ஓர்லா சாகவில்லை

ஜூலை மாதம் வந்துவிட்டால் எங்கள் நைரோபியில் சூரியன் நீண்ட விடுப்பில் போய்விடும். அப்படி ஒரு மந்தமான காலையில், ஈரம் ஏறிய கம்பளிச் சட்டையோடு ஒரு பெண் அலுவலகப் படியேறி வந்தபோது, இன்னொரு மனைவி, ஓடிப்போன இன்னொரு கணவன் என்றுதான் மூசெம்பி நினைத்தான். நெக்கேசாவிடம் உதவியாளனாகச் சேர்ந்ததிலிருந்து அவன் தேடியதெல்லாம் கணவன்மார்களைத்தான். ஒரு நல்ல மர்மத்துக்காக அவன் ஏங்கிப் போயிருந்தான்.

நெக்கேசா ஐம்பதைத் தாண்டியவர். ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் பாதி வாழ்நாளைப் பொய்க்கும் உண்மைக்கும் நடுவில் கழித்துவிட்டு, பழைய துணிக் கடைகளுக்கு மேலே இந்தச் சின்னத் துப்பறியும் அலுவலகத்தைத் திறந்தவர். அவசரம் என்றால் என்னவென்றே அவருக்குத் தெரியாது. வந்த பெண்ணை உட்காரவைத்து, பாலும் சர்க்கரையும் தாராளமாகப் போட்ட டீயைக் கையில் கொடுத்த பிறகுதான் பேச்சையே எடுத்தார்.

"இப்போ சொல்லும்மா. யாரைக் காணோம்?"

"யாரையும் காணோம்னு இல்ல மேடம்," என்றாள் அவள். பெயர் கெண்டி. ங்காராவில் ஒரு மருந்துக் கடையில் வேலை. உமோஜாவில் ஒற்றை அறையில் தனி வாசம். "ஒருத்தர் தினமும் சாயங்காலம் எனக்கு எழுதுறாரு. பதினொரு வருஷமா. இப்பவும் எழுதிக்கிட்டுத்தான் இருக்காரு. ஆனா எழுதுறது அவர் இல்லைன்னு தோணுது."

மூசெம்பி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

கெண்டி சொன்னது இதுதான். 'தொலைகரை' என்று ஒரு வீடியோ கேம் வரிசை இருக்கிறது. விண்வெளிக் கதை. சொந்த உலகத்தைத் தொலைத்துவிட்டு ஒரு கப்பல் கூட்டம் கரை தேடி அலைகிறது. இருபது வருடங்களில் ஒன்பது பாகங்கள். ஒரு பாகம் முன்கதை சொல்லும், அடுத்தது நூறு வருடம் தாண்டிப் போகும், மூன்றாவது முதலிரண்டையும் பொய்யாக்கும். எது முந்தி எது பிந்தி, யார் எங்கே பிறந்தார், எப்போது செத்தார் என்று ரசிகர்கள் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். நைரோபியில் அப்படிப்பட்ட ரசிகர்களுக்கு ஒரு குழு உண்டு. கதை நிகழ்ச்சிகளையெல்லாம் வரிசைப்படுத்தி ஓர் இணையப் பக்கத்தில் காலவரிசையாக எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்களுக்குள் தனியாக எழுதிக்கொள்வதும் அந்தப் பக்கத்தின் வழியாகத்தான். அந்தக் காலவரிசைக்குக் காவலர் ஒருவர். அவருக்குக் குழுவில் 'கலங்கரை' என்று பெயர்.

"நிஜப் பேரு?" என்றான் மூசெம்பி.

"தெரியாது. எங்க குழுவுல நிஜப் பேரு கிடையாது. வீட்டுக் கதை பேசக்கூடாது. அப்படி ஒரு விதி. நான் அங்கே பனிநிலா. அவர் கலங்கரை. அவ்வளவுதான்."

"பதினொரு வருஷமா பேரு தெரியாம பேசியிருக்கீங்களா?"

"பேரு தெரிஞ்சவங்க யாரும் எங்கிட்டப் பேசலையே தம்பி," என்றாள் கெண்டி, கோபமே இல்லாமல். "கடை மூடி வீட்டுக்குப் போனா அப்புறம் என்னை யாரும் கூப்பிட மாட்டாங்க. அவர்கூட மட்டும்தான் தினமும் சண்டை. சண்டை போடுற அளவுக்கு என்னை மதிச்ச ஆளு அவர் ஒருத்தர்தான்."

மூசெம்பி அவளுடைய டீக் கோப்பையை மறுபடி நிரப்பினான்.

"எங்களுக்குள்ள ஒரு வாக்கு இருந்தது மேடம். ஒன்பதாம் பாகம் வர்ற அன்னைக்கு நேர்ல பார்க்கணும், ஒண்ணா உக்காந்து பிரிக்கணும்னு. போன மாசம் வந்துடுச்சு. நான் போய்க் காத்திருந்தேன். அவர் வரல. கேட்டா, இப்போ வேண்டாம், இப்போ வேண்டாம்னு எழுதுறாரு." அவள் பையிலிருந்து பிரிக்காத டிஸ்க் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள். "எனக்குத் தெரியவேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். அவர் எங்கே?"

"அவர் இல்லைன்னு எதனால சந்தேகம் வந்தது?" என்றார் நெக்கேசா.

"பிப்ரவரியில ஒருநாள் ரெண்டாம் பாகத்துக் கதையைப் பத்தி எழுதினாரு: 'ஓர்லா செத்ததுக்கு அப்புறம் கேப்டன் தனியா நடந்து போற இடம் இருக்கே, அதை என்னால பார்க்கவே முடியல'ன்னு. மேடம், மருத்துவர் ஓர்லா சாகல!"

மூசெம்பி அதற்குள் கைபேசியில் தேடிவிட்டான். "செத்துட்டாங்களேம்மா. ரெண்டாம் பாகத்துல. உலகம் பூரா அப்படித்தானே எழுதியிருக்காங்க."

"உலகத்துக்குச் செத்துட்டா. எங்களுக்குச் சாகல." கெண்டி நிமிர்ந்து உட்கார்ந்தாள். மருந்துக் கடைப் பெண் போய் வேறொருத்தி வந்தது போலிருந்தது. "அந்தக் காலத்துல ஒரிஜினல் வாங்க இங்கே யாருக்கு வசதி? எல்லாம் சந்துக் கடையில விக்கிற திருட்டுக் காப்பி சிடிதான். ரெண்டாம் பாகம் நிஜத்துல ரெண்டு சிடி. நம்ம ஊர்ல எவனோ ஒரு புண்ணியவான் அதை ஒரே சிடியில அடைக்கணும்னு படக்காட்சிய எல்லாம் வெட்டி எறிஞ்சிட்டான். ஓர்லா சாகுற இடமும் அதுல போச்சு. எங்க சிடியில திரை கறுப்பாகும்; மறுபடி வெளிச்சம் வந்தா கேப்டன் மட்டும் பனியில நடப்பாரு. ஓர்லா எங்கன்னு யாருமே சொல்ல மாட்டாங்க. அவ அந்தப் பனி நிலாவுலயே தங்கிட்டான்னு நாங்க முடிவு பண்ணிட்டோம். அஞ்சாம் பாகத்துல ரேடியோவுல பேரு சொல்லாத ஒரு குரல் வரும். அது அவதான்னு பிடிச்சுக்கிட்டோம். எங்க காலவரிசை பூரா அந்தக் குரல் மேலதான் நிக்குது."

"அப்புறம் இன்டர்நெட் வந்து உண்மை தெரிஞ்சிருக்குமே?"

"தெரிஞ்சுது. பெரிய சண்டை. அப்போ கலங்கரைதான் தீர்ப்புச் சொன்னாரு: 'நாம பார்க்காத சாவை நாம ஏன் எழுதணும்?' அன்னையிலிருந்து அது எங்க சட்டம். சட்டம் போட்டவரே வந்து ஓர்லா செத்துட்டான்னு எழுதுவாரா? நான் எகிறினேன். உடனே 'மன்னிச்சிடு, தப்பாச் சொல்லிட்டேன்'னு பதில். கதை விஷயத்துல அவர் மன்னிப்புக் கேட்டதே கிடையாது மேடம்."

நெக்கேசா அவளுடைய கைபேசியை வாங்கிப் படிக்க ஆரம்பித்தார். டீ ஆறிப்போனது. அவர் டீயை ஆறவிடுவது அபூர்வம்.

"நவம்பர்ல மூணு வாரம் ஒண்ணுமே இல்லையே?"

"உடம்பு சரியில்லைன்னு சொன்னாரு."

"அதுக்கு அப்புறம் நாலாம் பாகத்தைப் பத்தி நீங்க ஒரு கேள்வி கேட்டிருக்கீங்க. பதில் வரல. வெயில் காலம் போய் மழைக்காலம் வந்ததும் அவரே அந்தப் பேச்சை எடுக்குறாரு. அதுவும் ரொம்ப ஆசையா."

"மறந்திருப்பாரு..." என்றாள் கெண்டி. சொல்லும்போதே அவளுக்கே நம்பிக்கை இல்லை.

டிவி திரையைப் படம் எடுத்து அனுப்புவது கலங்கரையின் பழக்கம். பழைய படம் ஒன்றில், இடது கீழ் மூலை உடைந்த டிவி ஒரு மரப்பெட்டி மேல் இருந்தது. பின்னால் ஈரம் பூத்த வெறும் சுவர். இந்த வருடத்துப் படத்திலும் அதே உடைந்த மூலைதான். ஆனால் டிவிக்கு அடியில் வெள்ளைக் குரோஷா பின்னல் துணி, பக்கத்தில் ஒரு டீக் கோப்பை, திரையின் ஓரத்தில் சின்னதாக ஒரு பச்சை இலைச் சின்னம். நெக்கேசா இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார்.

"உங்க குழுவுல இந்தக் காவலர் பதவி மேல யாருக்காவது கண் உண்டா?"

"ஒடேராவுக்கு உண்டு. விளையாட்டுக் கூடம் வச்சிருக்கான்; அவனும் லெமாயனும் மட்டும்தான் எங்ககிட்ட நிஜப் பேருல வர்றவங்க," என்றாள் கெண்டி யோசிக்காமலே.

*

ஒடேராவின் விளையாட்டுக் கூடம் கரியோபாங்கியில் ஒரு தகரக் கூரைக்குக் கீழே இருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள், வரிசையாக டிவிகள், எல்லாவற்றிலும் கால்பந்து. உள்ளே ஓர் ஓரத்து டிவி மட்டும் 'தொலைகரை'க்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் மடிக்கணினியோடு லெமாயன் என்ற மெலிந்த மனிதன் உட்கார்ந்திருந்தான். காலவரிசைப் பக்கத்தின் சாவி அவன் கையில்தான் என்று கெண்டி சொல்லியிருந்தாள்.

"கலங்கரையா?" ஒடேரா தொப்பை குலுங்கச் சிரித்தான். "நல்ல மனுஷன். ஆனா பாருங்க, காவலர்னா மக்கள் நடுவுல இருக்கணும். ஒருநாளாவது இந்தப் பக்கம் வந்திருப்பாரா? நான் இருக்கேன், இடம் இருக்கு, பெரிய டிவி இருக்கு..."

"உங்க லுவோ இனத்து ஆளுங்க வீட்டுல சோறு இல்லைன்னாலும் டிவி பெருசா இருக்கும்," என்று லெமாயன் தலை நிமிராமலே சொன்னான்.

"பேசு, பேசு. மாடு மேய்க்கிற இனத்துல பிறந்தவனுக்கு மடிக்கணினி கொடுத்தது என் தப்பு."

மூசெம்பி அதற்குள் ஜாய்ஸ்டிக்கைக் கையில் எடுத்துவிட்டான். சும்மா ஆடிப் பார்க்கிறேன் என்று எதையோ அமுக்கினான். திரையின் ஓரத்தில் பச்சை இலை முளைத்தது. கூடமே அவனைத் திரும்பிப் பார்த்தது.

"ஆடு! ஆடு வந்திருக்கு!" ஒடேரா கை கொட்டினான். "சுலபமான நிலையில ஆடுறவனுக்குத்தான் அந்த இலை வரும் தம்பி. இங்கே அதைப் போட்டா எல்லாரும் மே-ன்னு கத்துவாங்க. அந்தப் பேரையே கலங்கரைதான் வச்சாரு. இலை தின்னுறவன் கதை பேசக்கூடாதும்பாரு."

மூசெம்பி காது சிவந்துபோய் ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்தான். நெக்கேசா மட்டும் சிரிக்கவில்லை. லெமாயன் பக்கம் குனிந்து, "கலங்கரை பேர்ல வேற யாராவது உள்ளே புக முடியுமா?" என்று கேட்டார்.

"நான் நினைச்சா முடியும் மேடம். பொய் சொல்ல மாட்டேன். சாவி என்கிட்டதானே இருக்கு," என்றான் அவன். "ஆனா எனக்கு எதுக்கு அது? நான் பக்கத்தைக் கட்டினவன். அதுல உக்காந்து ஆட்சி பண்ண எனக்குப் பொறுமை கிடையாது."

திரும்பும் வழியில் மத்தாத்து என்ற சிற்றுந்தின் பாட்டுச் சத்தத்துக்கு மேலே மூசெம்பி கத்தினான்: "ஒடேராதான் மேடம்! பதவி ஆசை. லெமாயன்கிட்ட சாவி. ரெண்டு பேரும் கூட்டு. கலங்கரையை எங்கேயோ அடைச்சு வச்சிருக்காங்க!"

"டிவி பெருசா இருக்கிறவன் எல்லாம் ஆளைக் கடத்துவான்னா ஊர்ல பாதிப் பேரு உள்ளேதான் இருக்கணும்," என்றார் நெக்கேசா.

அவர் நேரே ங்காராவில் கெண்டியின் கடைக்குப் போனார். இருமல் மருந்து வாங்க வந்தவர்கள் கலையும்வரை காத்திருந்தார்.

"அவரோட எண் உன்கிட்ட இருக்கு. அதுக்குக் கைபேசியிலேயே ஒரு அம்பது ஷில்லிங் அனுப்பினா போதும், பதிஞ்ச பேரு திரையில வந்துடும். இது இந்த ஊர்ல சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நீ ஏன் பண்ணலை?"

கெண்டி தலையைக் குனிந்துகொண்டாள். "அது எங்க குழுவுல பாவம் மேடம். யாரும் யாருக்கும் பண்ண மாட்டோம்."

"நானும் உன்னைக் கேட்காமப் பண்ண மாட்டேன். எண்ணை அவர் உனக்குத்தான் கொடுத்தாரு, எனக்கு இல்ல. வேண்டாம்னா இதோட விட்டுடலாம். ஆனா நீ கேட்டது அவர் எங்கேன்னு."

அவள் அலமாரிப் பக்கம் திரும்பி நின்றாள். நேராக இருந்த மருந்துப் பெட்டிகளையே மறுபடி நேராக அடுக்கினாள். பிறகு, "பண்ணுங்க. நான் பார்க்கல," என்றாள்.

நெக்கேசா பணத்தை அனுப்பினார். வந்த பெயரைப் படித்தார். கைபேசியை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டார். மூசெம்பி எவ்வளவு எட்டிப் பார்த்தும் பயனில்லை. அன்று பிற்பகல் முழுக்க அவர் நவம்பர் மாதத்துச் செய்தித்தாள்களைப் புரட்டினார். மறுநாள் அவனை அலுவலகத்தில் விட்டுவிட்டுத் தனியாகவே தேயிலைத் தோட்டங்கள் உள்ள லிமுருவுக்கு வண்டி ஏறினார். திரும்பி வந்தபோது அவர் செருப்பில் செம்மண், முகத்தில் களைப்பு.

"சனிக்கிழமை மத்தியானம் ஒடேரா கூடத்துக்கு எல்லாரையும் வரச் சொல்லு," என்றார். அவனுக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

*

சனிக்கிழமையும் வெயில் இல்லை. ஒடேரா பெரிய மனது பண்ணிக் கால்பந்து டிவிகளை அணைத்துவிட்டு, மந்தாசி என்ற எண்ணெய்ப் பலகாரமும் டீயும் வரவழைத்திருந்தான். லெமாயன் மடிக்கணினியோடு அதே மூலையில். கெண்டி பிரிக்காத டிஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு முன் நாற்காலியில். கதவுக்குப் பக்கத்தில், நெக்கேசாவோடு வந்த ஒரு பெண் கறுப்புத் தலைத்துணியோடு கூடையைக் கட்டிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். வேறு ஏதோ வழக்குக்காக வந்தவள் என்று நினைத்து மூசெம்பி அவளுக்கும் ஒரு டீ கொடுத்தான்.

"எனக்கு உங்க கேமைப் பத்தி ஒண்ணும் தெரியாது," என்று ஆரம்பித்தார் நெக்கேசா. "தெரியாததைக் கேட்டுக்கிட்டேன். ஒடேரா, ஓர்லா செத்துட்டான்னு நீ வாய் தவறியாவது சொல்லுவியா?"

"எங்க அம்மா மேல சத்தியமா மாட்டேன்."

"லெமாயன்?"

"அதுக்காகத் தென்னாப்பிரிக்காக்காரன் ஒருத்தன்கூட ரெண்டு வருஷம் பேசாம இருந்தேன் மேடம்."

"அப்போ எழுதினது வெட்டாத புதுப் பதிப்பைப் பார்த்த ஆளு. அந்தச் சாவைக் கண்ணால பார்த்த ஆளு. உங்களைச் சீண்டணும்னு எழுதலை. சீண்டுறவன் உடனே மன்னிப்புக் கேட்க மாட்டான்." நெக்கேசா கைபேசியில் இருந்த இரண்டு படங்களையும் ஓரத்து டிவியில் போட்டுக் காட்டினார். "இப்போ இதைப் பாருங்க. மூலை உடைஞ்ச இந்த டிவி கலங்கரையோடது. புதுப் படத்துலயும் அதே டிவிதான்."

"அப்போ அவரேதானே!" என்று ஒடேரா துள்ளினான்.

"ஓரத்துல இருக்கிற இலையைப் பாரு."

ஒடேரா பார்த்தான். மூசெம்பியும் பார்த்தான். அவன் முகத்தில் முதல்முறையாக வெளிச்சம் வந்தது.

"கலங்கரை இலை போட்டு ஆடுவாரா?" என்றார் நெக்கேசா.

"அவரா? செத்தாலும் ஆட மாட்டாரு," என்றான் ஒடேரா. சொன்ன பிறகு ஏனோ யாரும் சிரிக்கவில்லை.

"அதனால ஆளு கலங்கரை இல்ல. டிவி அந்த வீட்டு டிவி, அதனால நீங்க ரெண்டு பேரும் இல்ல. இன்னொண்ணும் இருக்கு. டிசம்பர்ல இந்த ஆளு முதல் பாகத்தைப் பத்தி மட்டும்தான் பேசியிருக்கு. பிப்ரவரியில ரெண்டாம் பாகம். நாலாம் பாகத்தைப் பத்திக் கெண்டி கேட்டதுக்கு, நாலாம் பாகத்துக்கு வந்து சேர்ற வரைக்கும் பதிலே இல்ல. எல்லாம் மனப்பாடமா தெரிஞ்சவங்க இப்படி வரிசையாப் பேச மாட்டாங்க. முன்னையும் பின்னையும் தாவுவாங்க, நீங்க இப்போ பண்ற மாதிரி. இந்த ஆளு கதையை முதல்லேர்ந்து, சுலபமான நிலையில, ஒவ்வொரு அடியா நடந்து வந்திருக்கு. உங்களுக்குப் பின்னாலயே."

"எதுக்கு?" என்றான் மூசெம்பி.

"மரப்பெட்டி மேல, வெறும் சுவத்துக்கு முன்னால இருந்த டிவி, குரோஷா துணி போட்ட வீட்டுக் கூடத்துக்கு வந்திருக்கு. தனி அறையில ஒளிச்சு வச்சு ஆடின ஆளு அதை அங்கே கொண்டுவர மாட்டாரு. அந்த வீட்டுக் கூடத்துல இருந்த யாரோதான் அந்த அறைக்குள்ள போய் எடுத்து வந்திருக்கணும். எதுக்குன்னு நான் சொல்றது நியாயம் இல்ல."

கெண்டி எழுந்து நின்றுவிட்டாள். "மேடம், கலங்கரை எங்கே?"

நெக்கேசா கதவோரத்துப் பெண்ணைப் பார்த்தார்.

"நவம்பர்ல போயிட்டாரு," என்றாள் அந்தப் பெண். "தேயிலை ஆலையில, மெஷின் பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தவரு. மாரடைப்பு. அவர் பேரு எலியுத் கிங்கோரி. நான் நியோகாபி. அவர் பொண்டாட்டி."

தகரக் கூரையில் தூறல் விழ ஆரம்பித்திருந்தது.

"ஆலையிலிருந்து வருவாரு, சாப்பிடுவாரு, அந்த அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்குவாரு. பதினொரு வருஷமா இப்படித்தான். உள்ள சிரிக்கிற சத்தம் கேக்கும். என்கிட்ட அப்படிச் சிரிச்சதில்ல. யாரோ ஒரு பொம்பளைன்னு நினைச்சேன். அடக்கம் முடிஞ்சு சொந்தக்காரங்க எல்லாம் போனப்புறம் அவர் போன்ல செய்தி வந்த சத்தம் கேட்டுது. பனிநிலான்னு பேரு. 'எங்கே போயிட்ட? சண்டை போட ஆளில்லாம இருக்கேன்'னு." நியோகாபி கெண்டியை அப்போதுதான் நேராகப் பார்த்தாள். "உன்னைப் பிடிச்சுடணும்னுதான் பதில் போட்டேன். அப்புறம் உக்காந்து பழசு எல்லாம் படிச்சேன். பதினொரு வருஷம். ஒரு காதல் வார்த்தை இல்ல. கப்பல், நிலா, ரேடியோ. என் பேரைத் தேடினேன். அதுவும் இல்ல. காதலா இருந்திருந்தா உன்கூட மல்லுக்கு நின்னிருப்பேன். இதுகூட எப்படி மல்லுக்கு நிக்கிறது?"

"அதனால ஆட ஆரம்பிச்சீங்க," என்றான் மூசெம்பி மெதுவாக.

"அவர் எதைப் பார்த்துக்கிட்டிருந்தாருன்னு தெரிஞ்சுக்கணும்னு தோணுச்சு. அந்த அறையில தனியா உக்கார முடியல. டிவியைக் கூடத்துக்குத் தூக்கிட்டு வந்தேன். அவர் சிடி பழசு, ஓடல. கடையில புதுசு வாங்கினேன். அதுல அந்த டாக்டரம்மா வெளியில நின்னு கதவைச் சாத்துறா. உள்ள இருக்கிறவங்க பிழைக்கணும்னு. எனக்குத் தாங்கல. எங்க வீட்டுல கதவு உள்ளேயிருந்துதான் சாத்தியிருக்கும். வெளியில நின்னது நான். அன்னைக்கு இதை யார்கிட்டயாவது சொல்லணும்னு இருந்தது. அவர் மாதிரி நடிக்கிறேங்கிறதே மறந்துபோச்சு. எழுதிட்டேன்."

"எட்டு மாசம்," என்றாள் கெண்டி. "எட்டு மாசம் செத்துப்போனவர்கூடச் சண்டை போட்டிருக்கேன். சொல்லியிருந்தா வந்திருப்பேனே. கல்லறைக்காவது வந்திருப்பேன். ஒரு பிடி மண்ணாவது போட்டிருப்பேன். அதை எடுத்துக்கிட்டீங்களே நீங்க!"

"ஆமா. எடுத்துக்கிட்டேன்," என்றாள் நியோகாபி. "சொன்னா நீ எழுதுறதை நிறுத்திடுவே. சாயங்காலம் அந்த வீட்டுல வேற சத்தமே கிடையாது."

ஒடேரா மந்தாசித் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். நல்ல மர்மம் வேண்டும் என்று ஆசைப்பட்டதற்காக மூசெம்பிக்கு வெட்கமாக இருந்தது.

கெண்டி வெகுநேரம் கழித்துத்தான் உட்கார்ந்தாள். "உங்க பேரு அதுல இல்லாததுக்கு அவர் காரணம் இல்ல," என்றாள். "ஆரம்பத்துல ஒருநாள் ஏதோ வீட்டு விஷயம் சொல்ல வந்தாரு. நான்தான் வேண்டாம்னேன். வீட்டுக் கதை பேசக்கூடாதுங்கிற விதி நான் போட்டது. எல்லாருக்கும் வீடு இருந்தது. எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்ல. கேக்கவும் முடியல."

நியோகாபி அவளையே பார்த்தாள். "சொல்ல வந்தாரா?"

"வந்தாரு."

"என்னன்னு?"

"தெரியாது. முடிக்க விடல."

நியோகாபி கூடையைத் திறந்து, தேய்ந்துபோன ஒரு ஜாய்ஸ்டிக்கை எடுத்துக் கெண்டியின் மடியில், டிஸ்க்குக்கு மேலே வைத்தாள். "எட்டாம் பாகத்தோட நிறுத்திட்டேன். ஒன்பதாவது உங்க ரெண்டு பேரோடதுன்னு அதுல படிச்சேன். அதை நான் தொடலை."

கெண்டி இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "இன்னைக்கு வேண்டாம்," என்றாள், யாரிடம் என்றில்லாமல்.

மூலையிலிருந்து லெமாயன் தொண்டையைச் செருமினான். "மன்னிக்கணும். காலவரிசையில... காவலர் பேருக்குக் கீழே என்ன போடுறது?"

"நாம பார்க்காத சாவை நாம ஏன்..." என்று ஆரம்பித்த கெண்டி பாதியில் நிறுத்தினாள். நியோகாபி பக்கம் திரும்பினாள். "நீங்க பார்த்தீங்களா?"

"பார்த்தேன். மண் போட்டேன்."

"அப்போ எழுது லெமாயன். நவம்பர்."

லெமாயனின் விரல்கள் ஓடின. பிறகு மறுபடி தயங்கின. "அதுக்கு அப்புறம் அவர் பேர்ல வந்த எட்டு மாசத்து எழுத்து? அழிச்சிடவா?"

கெண்டி தேய்ந்த ஜாய்ஸ்டிக்கைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தூறல் வலுத்து மழையாகிவிட்டது. நெக்கேசா தன் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். இனி இங்கே தனக்கு வேலை இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"அழிக்க வேண்டாம்," என்றாள் கெண்டி. "அது அவர் எழுத்து இல்ல. பேரை மட்டும் மாத்து."

"என்ன பேரு போட?"

கெண்டி கதவோரம் பார்த்தாள். "உங்களுக்கு ஒரு பேரு வேணும். வீட்டுப் பேரு இங்கே செல்லாது."

நியோகாபி காலிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"பக்கத்து அறைன்னு போடுங்க," என்றாள்.

லெமாயன் யாரையும் திரும்பிப் பார்க்காமல் அப்படியே அடித்தான்.